பரிதிக்குப் புறத்தே ஒரு வண்டு

கல்யாணப் பந்தியில் இலையில் வண்டு விழுந்ததும் சாப்பாட்டை விட்டுவிட்டு எழுந்து போனவர்கள் திருவனந்தபுரத்தில் நிறையப் பேர் இருப்பார்கள். வண்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனவர் ஒருவர்தான். பால் பாயசம் வருகிற நேரம். யாரோ முக்கியமான சம்பந்திக்குக் கோபம் வந்துவிட்டது என்று பெண் வீட்டார் பதறி ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மூடிய கையை அவர் திறக்கவில்லை. "கையை விடுங்கோ, உள்ளே இருக்கறது அமுங்கிடும்" என்றார். பெண் வீட்டார் இன்னும் பயந்து போய்விட்டார்கள்.

அவருக்கு எங்கள் வலியசாலைத் தெருவில் வண்டுசாமி என்று பெயர். சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும். என் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அவர் தும்மினால் என் வீட்டில் தட்டு அதிரும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று எதிர்வீட்டு ராஜம் மாமி ஒருமுறை நேருக்கு நேராகக் கேட்டுவிட்டாள். "நேரம் கிட்டலை" என்றார். அந்தப் பதிலை ராஜம் மாமி இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஒரு அரசு அலுவலகத்தின் பழைய காகித அறையில் அவருக்கு வேலை. அங்கே கோப்புகளை வண்டு தின்கிறது என்று புகார் வந்து, மருந்து அடிக்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள். ஒரு மாதம் கழித்து மேலதிகாரி கூப்பிட்டார்.

"எந்தா சாமி, மருந்து அடிச்சோ?"

"இல்லை சார். பேரு கண்டுபிடிச்சாச்சு."

கூடவே நாலு பக்கம் அறிக்கையும் கொடுத்தார். கோப்புகளில் இருப்பது ஒரு இனம் அல்ல, இரண்டு. ஒன்று காகிதம் தின்னும், ஒன்று பசை தின்னும், இரண்டும் ஒன்றுக்கொன்று தொந்தரவு செய்வதில்லை, இந்த அலுவலகத்தில் இவ்வளவு ஒற்றுமையாக வேலை செய்பவர்கள் வேறு யாருமில்லை என்று கடைசி வரி. அந்த அறிக்கையும் ஒரு கோப்பில் போனது. அதையும் வண்டு தின்றது.

சாலைக் கடைத்தெருவில் பயறு, பருப்பு மொத்த வியாபாரிகள் அவரைத் தூரத்தில் கண்டாலே உள்ளே போய்விடுவார்கள். ஒருநாள் அவர் பேரம் பேசுவதை நானே பக்கத்தில் நின்று காதால் கேட்டேன்.

"வண்டு விழுந்த பயறு இருக்கா?"

"நம்ம கடையில அது கெடையாது சாமி. எல்லாம் ஒண்ணாம் தரம்."

"அப்போ வேண்டாம்."

"சாமி, சத்தம் போடாதியும். வாங்க வந்த ஆளு நிக்காவ."

ஓய்வு பெற்ற பிறகு அவருக்குக் குடும்பம் என்று இருந்தது இரண்டு மர அலமாரி. கண்ணாடி மூடிய பெட்டிகளில் வரிசையாக வண்டுகள். ஒவ்வொன்றின் கீழும் அரிசி அளவு எழுத்தில் ஒரு சீட்டு. எந்த இடம், எந்த நாள், யார் எடுத்தது. மூன்று வரி. இந்தப் பழக்கம் வண்டோடு நிற்கவில்லை. குடையில் சீட்டு, செருப்பில் சீட்டு. நான் முறுக்குக் கொடுத்தனுப்பிய டப்பா திரும்பி வந்தபோது அடியில் ஒட்டியிருந்தது: "வலியசாலை, கோமதி வீட்டு அடுக்களை. வெள்ளிக்கிழமை. தானாக வந்தது."

கோமதி நான்தான். கணவர் இல்லை, ஒரே பெண் நித்யா. எனக்குத் தெரிந்த வேலைகள் இரண்டு. ஒன்று அலுவலகத்தில் தட்டச்சு, மற்றது நித்யாவைப் பற்றிக் கவலைப்படுவது. இரண்டிலும் எனக்கு வேகம் அதிகம். அவள் பள்ளிக்கூட பஸ் ஐந்து நிமிடம் தாமதித்தால் நான் மூன்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்திருப்பேன். அப்படிப்பட்ட நான்தான் அவளை மேல்படிப்புக்கு ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டு, சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் வண்டுசாமியுமாக உட்கார்ந்திருந்தேன்.

அவருக்கும் ஜெர்மனியில் ஒரு ஆள் உண்டு. நேரில் பார்த்ததில்லை. அங்கே ஏதோ மியூசியத்தில் ஆயுசு முழுக்க வண்டு பார்த்த கிழவர். வெள்ளைக்காரர் என்பதால் வண்டுசாமி அவரைச் சாயிப்பு என்பார். சாயிப்புக்கு எழுதுகிற கடிதங்களை என் வீட்டில், நித்யா விட்டுப்போன பழைய லேப்டாப்பில், அவர் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். எல்லாக் கடிதமும் ஒரே வண்டைப் பற்றித்தான்.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கட்டைவிரல் நகம் அளவில் ஒரு வண்டு. கறுப்பு உடம்பு, முதுகில் பச்சை வரி, உடம்பைப் போல இரண்டு மடங்கு நீளத்தில் மீசை. வயநாட்டிலும் குடகிலும் உண்டு, பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே கிடையவே கிடையாது என்று புத்தகங்கள் எல்லாம் சொல்லும். பல வருடம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டுசாமி பொன்முடி அடிவாரத்தில் கல்லாற்றுக்குப் போய்விட்டு மழையோடு வீட்டுக்கு வந்தார். குடையைக் காயப்போட விரித்தபோது உள்ளிருந்து ஒன்று விழுந்தது. அதே வண்டு. செத்துப்போயிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் சீட்டில் 'கல்லாறு' என்று எழுதியிருப்பார்கள். காரியம் அன்றைக்கே முடிந்திருக்கும். இவர் எழுதினார்: "வலியசாலை, குடைக்குள்."

"மாமா, குடை கல்லாத்துலேர்ந்துதானே வந்தது?" என்று கேட்டேன்.

"பஸ்ஸிலே ஏறியிருக்கலாம். ஸ்டாண்டிலே ஏறியிருக்கலாம். நான் பாத்தது இங்கே ஆக்கும். பாக்காததை எப்படி எழுதறது?"

சாயிப்பு மரியாதையாகத்தான் பதில் எழுதினார். குடை என்பது வண்டுகளின் வாழ்விடம் அல்ல. மரக்கட்டையோடு லாரியில் வந்திருக்கலாம். ஒன்று என்றால் அது வழி தவறி வந்தது. காட்டில், உயிரோடு, இன்னொன்றைப் பார்த்தால்தான் அது அங்கே வாழ்கிறது என்று அர்த்தம்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் காலை பஸ்ஸில் கல்லாறு. மழையென்றும் பார்க்கமாட்டார், பந்த் என்றும் பார்க்கமாட்டார். அங்கே டீக்கடையில் அவருக்காக ஒரு ஸ்டூலே உண்டு. குளிக்க வந்த கூட்டம் ஆற்றில் கும்மாளம் போட, இவர் ஒருவர் மட்டும் ஆற்றுக்கு முதுகைக் காட்டி, பட்டுப்போன மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாலையில் திரும்பி வந்ததும் சுவரை இரண்டு தட்டு தட்டுவார். நான் இந்தப் பக்கமிருந்து கேட்பேன்.

"கிட்டித்தா மாமா?"

"கிட்டலை."

அந்த வார்த்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 'கிடைத்தது' என்பதை நாங்கள் இங்கே 'கிட்டித்து' என்போம். பஸ் கிட்டித்து, சர்க்கரை கிட்டலை, லைன் கிட்டலை. எல்லாவற்றுக்கும் அது ஒன்றே. அதோடு எங்கள் வீட்டுப் பேச்சில் பெற்ற குழந்தையும் அஃறிணைதான்; குழந்தை வந்துடுத்து, சாப்பிட்டுடுத்து, தூங்கிடுத்து. வண்டும் வந்துடுத்து, தூங்கிடுத்து. இதனால் ஒருநாள் எனக்கு என்ன ஆகப் போகிறது என்று அப்போது தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை நித்யா போன் செய்யவில்லை. தினமும் மாலை ஏழு மணிக்குச் செய்கிறவள். நான் கூப்பிட்டால் மணியே போகவில்லை. சனிக்கிழமையும் அப்படியே. விடுதி நம்பரில் யாரும் எடுக்கவில்லை. கல்லூரி அலுவலகம் திங்கட்கிழமைதான் திறக்குமாம். அவளுடைய சிநேகிதிகள் பெயர் எனக்குத் தெரியும், நம்பர் தெரியாது. வாங்கி வைத்திருக்க வேண்டும். அதை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் சுவரைத் தட்டினேன். வண்டுசாமி வந்தார். அழுகிறவர்களிடம் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியாது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"கடைசியா எங்கே பாத்தது? எந்த நாள்? யாரு பாத்தா?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் இரண்டு நாளில் என்னிடம் ஒழுங்காகக் கேள்வி கேட்டவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாரும் ஒன்றும் ஆகியிருக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் விடுதியின் விலாசம், அறை எண் எல்லாம் சொன்னேன். சாயிப்பின் ஊரிலிருந்து அங்கே ரயிலில் ஒரு மணி நேரமாம். போய்ப் பார்க்க முடியுமா என்று அவர் சொல்ல, நான் அடித்து அனுப்பினேன். எழுத்தெல்லாம் தப்பும் தவறுமாக விழுந்தது. நான் தட்டச்சில் ஹையர் பாஸ் செய்தவள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டிப் பார்த்தால் அவர் குடையும் பையுமாகப் படி இறங்கிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குமா மாமா?"

"இங்கே இருந்து என்ன செய்வேன் கோமதி? உன் முகத்தைப் பாத்துண்டு உக்காரணும். எனக்கு அது பழக்கமில்லை." கொஞ்சம் நின்றார். "சாயிப்பு பதில் போட்டா என் போனுக்கும் வரும். நோக்கிண்டே இருப்பேன்."

போய்விட்டார். இந்த மனிதருக்கு நெஞ்சில் இருப்பதும் ஆறுகால் பூச்சிதான் என்று நினைத்தேன்.

பகல் ஒரு மணி இருக்கும். போன் அடித்தது. அவர் நம்பர். பின்னால் ஆற்றுச் சத்தம், கரகரப்பு, நடுநடுவே அறுந்து அறுந்து அவர் குரல். அந்தக் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டதே இல்லை.

"கோமதீ, கிட்டித்து! ஜீவனோட கிட்டித்து!"

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "எங்கே மாமா? எப்படி இருக்கு?"

"நன்னா இருக்கு... மரத்து மேலே... ஒரு கால் போயிடுத்து..."

"என்னது?"

"ஒரு கால் இல்லை... சாரமில்லை, பாதகமில்லை... நடக்கறது, நன்னா நடக்கறது..."

லைன் போய்விட்டது. திருப்பிக் கூப்பிட்டேன். மலையாளத்தில் ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள், நீங்கள் அழைக்கிற ஆள் பரிதிக்கு புறத்தாணு. தமிழில் பரிதி என்றால் சூரியன். இங்கே எல்லை. நான் இருபது தடவை கூப்பிட்டேன். இருபது தடவையும் அவர் பரிதிக்குப் புறத்திலேயே இருந்தார்.

அடுத்த மூன்று மணி நேரத்தை என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. ராஜம் மாமி முதலில் வந்தாள். விஷயத்தைக் கேட்டு, சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். பிறகு கோவிலுக்கு ஓடிப்போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். உயிரோடு கிடைத்ததற்கு ஒன்று, காலுக்காக ஒன்று. தெருவே என் வீட்டில் இருந்தது. மரத்தின் மேல் எதற்கு ஏறினாள் என்று ஒருவர் கேட்டார். அந்த ஊரில் செயற்கைக் கால் நன்றாகச் செய்வார்கள் என்று இன்னொருவர் சொன்னார். நான் மட்டும் நித்யா நடக்கப் பழகிய நாளை நினைத்துக்கொண்டிருந்தேன். எந்தக் கால் முதலில் வைத்தாள் என்று ஓர்மை வரவில்லை. அது வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் போல இருந்தது.

நாலு மணிக்கு வண்டுசாமி வந்தார். வேஷ்டியெல்லாம் சேறு. கையில் மூடியில் துளை போட்ட ஒரு பாட்டில், அதைச் சுற்றித் துண்டு. என் வீட்டு வாசலில் கூட்டத்தைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. ஊரே தன் வண்டுக்காகத் திரண்டு நிற்கிறது என்று நினைத்துவிட்டார். பாவம், வாழ்க்கையில் ஒருமுறை.

நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். "மாமா, எந்தக் கால்?"

"இடது பக்கம்" என்றார், சந்தோஷமாக. "நடுக் கால்."

"நடுக் காலா?"

ராஜம் மாமி கையில் பிரசாதத் தட்டோடு அப்படியே நின்றாள். நான் துண்டை விலக்கிப் பார்த்தேன். பாட்டிலுக்குள் அது மீசையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டு, ஐந்து காலில், நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

"சாமீ" என்றாள் ராஜம் மாமி. "நீங்க மனுஷன்தானா?"

அவர் என்னைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். தேங்காய் மூடிகளைப் பார்த்தார். அவருக்கு விளங்க அவ்வளவு நேரம் ஆனது. அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். இத்தனை வருட ஞாயிற்றுக்கிழமைகளும் அதிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கிப் போவது தெரிந்தது. பாட்டிலைப் படி ஓரத்தில் வைத்துவிட்டு, "லேப்டாப் எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கு அவர் சொல்ல, நான் அடிக்கவில்லை. அவரே அடித்தார், ஒற்றை விரலால். ஒவ்வொரு எழுத்தையும் வண்டைத் தேடுவது போலத் தேடித் தேடி. அடித்து அனுப்பிவிட்டு, கூட்டம் கலைந்த பிறகும் படியிலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே வரச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை, போகச் சொல்லவும் வரவில்லை.

ஏழு மணிக்கு முன்னால் பதில் வந்தது. மூன்று வரி. இடம்: மாணவியர் விடுதி, மூன்றாம் மாடி. நாள்: இன்று. நிலை: உயிருடன், காய்ச்சல், நான் கொண்டுபோன சூப்பைக் குடித்துக்கொண்டிருக்கிறாள். உலகத்தில் வண்டுசாமி ஒருவர்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். ஜெர்மனியிலும் ஒன்று இருந்திருக்கிறது.

உடனே சாயிப்பின் போனிலிருந்து வீடியோ அழைப்பு. முதலில் ஒரு சிவந்த மூக்கு. அப்புறம் என் பெண்.

"அம்மா, போன் பக்கெட்டுத் தண்ணியிலே விழுந்துடுத்து. ரெண்டு நாளா எழுந்துக்கவே முடியலை. நல்ல பனி." இங்கே காய்ச்சலுக்குப் பனி என்போம், அவள் அதை மறக்கவில்லை. "யாரும்மா இந்தத் தாத்தா? கதவைத் திறந்தா சூப்போட நிக்கறார். உங்க அம்மா வீட்டுச் சுவர்க்காரரோட சிநேகிதன்கறார்."

பின்னாலிருந்து, நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு வண்டுசாமி மெதுவாகச் சொன்னார். "கால் ரெண்டும் இருக்கான்னு கேளு."

இருந்தது. போர்வையை விலக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். நித்யா என்னைப் பைத்தியம் என்று நினைத்தாள்.

வைப்பதற்கு முன்னால் அவரைக் கூப்பிட்டேன். "மாமா, சாயிப்பு லைனிலே இருக்கார். சொல்லுங்கோ."

"என்னத்தை?"

"வண்டை."

"நாளைக்குச் சொன்னாப் போறும்" என்றார். "இன்னிக்கு ஒண்ணு கிட்டினது போறும்."

அவர் போன பிறகு, காலையிலிருந்து நடந்ததையெல்லாம் நம்புவதற்காக, அவர் ஒற்றை விரலில் அடித்த கடிதத்தைத் திறந்து பார்த்தேன். அந்தப் பெண்ணைத் தயவுசெய்து போய்ப் பாருங்கள், அவள் தாய் தனியாக இருக்கிறாள் என்று இரண்டு வரி. இத்தனை வருடம் காத்திருந்த வண்டு உயிரோடு படி ஓரத்தில் இருக்கும்போது எழுதியது. அதில் வண்டைப் பற்றி ஒரு எழுத்துக் கூட இல்லை.

மறுநாள் சொன்னார். படம் எடுத்து அனுப்பினோம். அந்த வண்டு ஐந்து காலோடு என் வீட்டு அடுக்களை ஜன்னலில் மூன்று வாரம் குடியிருந்து, வாழைப்பழமும் வெல்லத் தண்ணீரும் சாப்பிட்டு, தன் காலம் முடிந்து தானாகவே செத்தது. சீட்டில் இந்த முறை கல்லாறு என்று எழுதினார். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கேயும் உண்டு என்று ஒரு பத்திரிகையில் இரண்டு பக்கம் வந்தது. அவருடைய சொந்தப் பெயரை அதில்தான் நான் முதல்முதலாகப் பார்த்தேன். ராஜம் மாமி கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் புரட்டினாள். "இது அந்த வண்டுக்குத் தெரியுமோ?" என்று கேட்டாள். அவர் சொன்னார்: "அதுக்கு முன்னாடியே தெரியும் மாமி. நமக்குத்தான் தெரியாம இருந்தது."

போன வருடம் அவர் குளியலறையில் விழுந்து இடுப்பில் அடிபட்டது. அக்கா பிள்ளை வந்து கோயம்புத்தூருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டான். அலமாரிகள் இரண்டும் ஒரு கல்லூரிக்குப் போயின. காரில் ஏறும்போது சொன்னார், "என்னைத் தெற்கே மட்டும்தான் ரிக்கார்டு பண்ணிருக்கு கோமதி. அங்கே ஒண்ணே ஒண்ணு இருந்தா, வழி தவறி வந்ததுன்னு சொல்லிடுவா." நான் சிரித்தேன். வீட்டுக்குள் வந்து பார்த்தால் சுவர் மட்டும் இருந்தது. தும்மல் இல்லை, தட்டு அதிரவில்லை.

நித்யா இப்போது வேலையும் ஜெர்மனியிலேயே பார்த்துக்கொண்டுவிட்டாள். தினமும் ஏழு மணிக்குப் பேசுவாள். அவள் வைத்ததும் நான் கோயம்புத்தூருக்குப் போன் செய்வேன். எங்களுக்குள் பேச்சு அதிகம் இல்லை.

"கிட்டித்து மாமா."

"ஜீவனோடயா?"

"ஜீவனோட."

"சரி" என்று வைத்துவிடுவார். அங்கே எல்லாரும் கிடைச்சுது, கிடைச்சுது என்கிறார்களாம். ஒரு நாளைக்கு ஒரு தடவை அந்த வார்த்தை காதில் விழுந்தால் ஊருக்கு வந்த மாதிரி இருக்கிறது என்று ஒருமுறை சொன்னார்.

போன புதன்கிழமை நித்யா வைத்ததும் வழக்கம்போலக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் சொன்னாள். இவள் தமிழில் சொன்னாள், அவ்வளவுதான் வித்தியாசம். மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும். அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. கடைசியாக அவரைப் பார்த்தது எங்கே, எந்த நாள், யார் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டிருந்தேன். எட்டாவது தடவை மணி போயிற்று. எடுத்தார். கட்டிடத்துக்குப் பின்னால் ஒரு பட்டுப்போன மரம் இருக்கிறதாம், பார்க்கப் போயிருந்தாராம், வாக்கரோடு.

"கிட்டித்து" என்றேன்.

"ஜீவனோடயா? என்ன சொன்னது நித்யா?"

அந்த முறை நான் நித்யாவைச் சொல்லவில்லை என்று அவரிடம் சொல்லவில்லை.